நுளம்பின் வயிற்றில் ஒரு கரும்புள்ளி

எமது பழைய மாணவிகள் சங்கத்தின் நூற்றாண்டு மலருக்கு, உயிரியல் படிக்கும் மாணவிகளுக்குப் பயன்படத்தக்க கட்டுரை ஒன்று தருமாறு மலர்க்குழுவினர் கேட்டிருந்தனர். உயிரியலில் எதை எழுதுவது? கலம், குருதிச் சுற்றோட்டம், பரம்பரையலகு என்று எதைத் தொட்டாலும் அது இன்னொரு பாடப்புத்தகமாகிவிடும். ஆகவே ஒரேயொரு காய்ச்சலின் வரலாற்றை எடுத்துக்கொண்டோம். பாடப்புத்தகத்தில் தனித்தனி அலகுகளாக வரும் ஒட்டுண்ணி வாழ்க்கை, நிர்ப்பீடனம், கூர்ப்பு, சூழலியல் ஆகிய யாவும் இந்த ஒரு காய்ச்சலுக்குள் இருக்கின்றன. அதுவுமன்றி, எமது சங்கம் வாழ்ந்த இந்த நூறு ஆண்டுகளில் மலேரியா இந்நாட்டை விட்டுப் போவதுபோல் போய், மீண்டும் வந்து, பிறகு முற்றாகப் போயிருக்கிறது. இன்று பத்தாம் ஆண்டில் படிக்கும் மாணவி ஒருத்தி மலேரியா நோயாளி ஒருவரைக் கண்டிருக்க வாய்ப்பில்லை. தொண்ணூறுகளில் படித்த எங்களுக்கோ குளோரோக்குவின் குளிசையின் கசப்பு இன்னும் நாக்கில் நிற்கிறது.

மலேரியா என்ற சொல்லுக்கு இத்தாலிய மொழியில் ‘கெட்ட காற்று’ என்பது பொருள். சதுப்பு நிலத்திலிருந்து எழும் நச்சுக் காற்றே காய்ச்சலைத் தருகிறது என்று ஐரோப்பியர் நெடுங்காலம் நம்பினர். நம் ஊர் முதியவர்கள் இதனை ‘முறைக்காய்ச்சல்’ என்றார்கள். ஒருநாள் நடுங்கவைத்துக் கொதித்து வியர்த்து விடும். மறுநாள் ஒன்றுமில்லாததுபோல் எழுந்து நடமாடலாம். மூன்றாம் நாள் அதே நேரத்துக்குத் திரும்பவும் குளிரும். இரண்டு பெயர்களில் எமது பெயரே உயிரியலுக்குக் கிட்டியது. ஒட்டுண்ணி செங்குழியத்துக்குள் புகுந்து, வளர்ந்து, பிரிந்து, அக்குழியத்தை உடைத்துக்கொண்டு வெளியேற ஏறத்தாழ 48 மணித்தியாலம் எடுக்கிறது. எண்ணற்ற குழியங்கள் ஒரே வேளையில் உடையும்போதுதான் நடுக்கம் வருகிறது. முறை என்பது ஒட்டுண்ணியின் முறை.

அந்த ஒட்டுண்ணியை முதலில் கண்டவர் அல்ஜீரியாவில் கொன்ஸ்தாந்தீன் நகரப் படை வைத்தியசாலையில் பணியாற்றிய பிரெஞ்சு வைத்தியர் அல்போன்ஸ் லவரன். 1880 நவம்பர் 6 ஆம் திகதி ஒரு படைவீரனின் குருதித் துளியை நுணுக்குக்காட்டியின் கீழ் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தபோது, வட்டமான ஒரு பொருளிலிருந்து மெல்லிய இழைகள் வெளிப்பட்டுச் சாட்டைபோல் அடித்துத் துடிப்பதை அவர் கண்டார். உயிருள்ளது என்பதில் அவருக்கு ஐயம் எழவில்லை. மற்றவர்களை நம்பவைக்கத்தான் சில ஆண்டுகள் எடுத்தன. அக்காலத்தில் பக்ரீரியாக்களைக் கண்டுபிடிப்பதே விஞ்ஞானத்தின் வழக்கமாக இருந்தது. காய்ச்சலுக்குக் காரணம் ஒரு புரொட்டோசோவா என்பதை ஏற்க எவரும் ஆயத்தமாயில்லை.

அந்த இழைகள் எவை என்பது 1897 இல் வெளியாயிற்று. அமெரிக்காவில் மருத்துவ மாணவராக இருந்த வில்லியம் மக்கல்லம், காகத்தின் குருதியில் வாழும் இதன் உறவுக்கார ஒட்டுண்ணி ஒன்றை அவதானித்தபோது, இழையொன்று பிரிந்து சென்று இன்னொரு வட்டமான கலத்துக்குள் புகுவதைக் கண்டார். இழை ஆண் புணரி. வட்டக் கலம் பெண் புணரி. லவரன் கண்டது கருக்கட்டலுக்கான ஆயத்தத்தை.

இங்கே மாணவிகள் சற்று நின்று யோசிக்கலாம். எமது உடலுக்குள் இந்த இழைகள் வெளிப்படுவதில்லை. கண்ணாடித் தட்டில் மட்டும் ஏன் வெளிப்பட்டன? குருதி உடலைவிட்டு நீங்கியதும் அதன் வெப்பநிலை குறைகிறது, வேதியியல் நிலையும் மாறுகிறது. நுளம்பு குருதியை உறிஞ்சும்போதும் இதுவே நிகழ்கிறது. தட்டில் கிடந்த ஒட்டுண்ணி, தான் நுளம்பின் வயிற்றுக்குள் வந்து சேர்ந்துவிட்டதாகவே நடந்துகொண்டது. லவரன் தம் கண்முன்னே அரை விடையைக் கண்டிருந்தார். மீதி அரையைக் காண இன்னும் 17 ஆண்டுகள் சென்றன.

நுளம்பைப் பற்றிய எண்ணத்தை வலுவாக முன்வைத்தவர் பற்றிக் மான்சன். சீனாவின் அமோய் துறைமுகத்தில் வைத்தியராக இருந்த காலத்தில், 1877 இல், யானைக்கால் நோயைத் தரும் புழு நுளம்பின் உடலுக்குள் வளர்வதை அவர் கண்டறிந்தார். ஒரு பூச்சியின் உடலில் மனித நோயொன்று தன் வாழ்க்கையின் ஒரு பகுதியைக் கழிக்கிறது என்பதே அப்போது புதுச் செய்தி. ஆனால் நுளம்பு ஒருமுறை மட்டுமே குருதி குடித்து, முட்டையிட்டு, நீரில் விழுந்து இறந்துவிடுகிறது என்றும், அந்நீரைக் குடிப்பவருக்கே நோய் வருகிறது என்றும் அவர் கருதினார். பாதி சரி, பாதி பிழை. 1894 இல் லண்டனில் தம்மைச் சந்திக்க வந்த ரொனால்ட் ரொஸ் என்ற இளைய வைத்தியருக்கு ஒட்டுண்ணியை நுணுக்குக்காட்டியில் காட்டி, நுளம்பைத் தேடச் சொன்னவரும் அவரே.

ரொஸ் 1857 இல் இமயமலை அடிவாரத்து அல்மோராவில் பிறந்தவர். கவிதை, நாவல், கணிதம் ஆகியவற்றில் இருந்த நாட்டம் அவருக்கு மருத்துவத்தில் இருக்கவில்லை. தந்தையின் விருப்பத்துக்காகப் படித்து இந்திய மருத்துவ சேவையில் சேர்ந்தார். 1895 இல் இந்தியா திரும்பி, செக்கந்தராபாத்தில் நுளம்புகளை அறுத்துப் பார்க்கத் தொடங்கினார். நுளம்பின் வயிறு எவ்வளவு சிறியது என்பதை ஆய்வுகூடத்தில் கரப்பானை வெட்டிப் பார்த்த மாணவிகள் ஊகித்துக்கொள்ளலாம். வெக்கை பொறுக்க முடியாதது; ஆனால் பங்கா இழுத்தால் நுளம்புகள் பறந்துவிடும் என்பதால் அதனையும் நிறுத்திவிட்டார். வியர்வையால் நுணுக்குக்காட்டியின் திருகாணிகள் துருப்பிடித்தன. இரண்டாண்டுகள் ஒன்றும் கிடைக்கவில்லை.

கிடைக்காததற்குக் காரணம் எளிது. அவர் அறுத்துக்கொண்டிருந்தவை கியூலெக்ஸ், ஈடிஸ் சாதி நுளம்புகள். மனித மலேரியா ஒட்டுண்ணி இவற்றின் உடலில் வளராது. ‘நுளம்பு’ என்பது எங்களுக்கு ஒரே சொல், ஒட்டுண்ணிக்கு அப்படியல்ல. இதுவரை உலகில் 3,500 க்கும் மேற்பட்ட நுளம்பு இனங்கள் விவரிக்கப்பட்டுள்ளன. மனிதரில் மலேரியாவைப் பரப்புபவை அனோபிலிஸ் சாதியில் உள்ள சில பத்து இனங்கள் மட்டுமே. அவற்றிலும் பெண் நுளம்புதான்; முட்டை விருத்திக்குப் புரதம் தேவைப்படுவது அதற்கே. ஆண் நுளம்பு பூந்தேனோடு காலத்தைக் கழித்துவிடும்.

1897 ஓகஸ்டில் ரொஸ்ஸிடம் புள்ளிச் சிறகு கொண்ட வேறொரு வகை நுளம்பின் குடம்பிகள் வந்து சேர்ந்தன. அவற்றை வளர்த்து எடுத்து, ஹுசைன் கான் என்ற மலேரியா நோயாளியை நுளம்புவலைக்குள் படுக்கவைத்துக் கடிக்கவிட்டார். ஒரு கடிக்கு ஓர் அணா கூலி. இன்றைய ஒழுக்கநெறிக் குழு எதுவும் இதற்கு ஒப்புதல் வழங்காது. நோபல் பரிசு ரொஸ்ஸுக்குப் போனது. ஹுசைன் கானின் கணக்கு சில அணாக்களோடு முடிந்தது. அவருடைய பெயரை நாங்கள் வேண்டுமென்றே இங்கு எழுதுகிறோம். கண்டுபிடிப்புகளின் வரலாற்றில் தம் உடலைக் கொடுத்தவர்களின் பெயர் பெரும்பாலும் நிலைப்பதில்லை. இவருடையது அருமையாக நிலைத்திருக்கிறது.

ஓகஸ்ட் 16 ஆம் திகதி கடித்த அந்த நுளம்புகளுள் ஒன்றை 20 ஆம் திகதி அறுத்தபோது, அதன் வயிற்றுச் சுவரில் வட்டமான சில கலங்களைக் கண்டார். அவற்றுள் கருநிறத் துணிக்கைகள் இருந்தன. மறுநாள் இன்னொன்றை அறுத்தார். அதே கலங்கள், முன்னையவற்றிலும் பெரியவை.

இந்த இரண்டு நாள் அவதானிப்பில் எத்தனை தர்க்கம் அடங்கியிருக்கிறது என்று பாருங்கள். மலேரியா ஒட்டுண்ணி செங்குழியத்தின் ஈமோகுளோபினைத் தின்னும். அதில் எஞ்சும் இரும்புக் கழிவை அது கருநிறத் துணிக்கையாகத் தன்னுள்ளேயே ஒதுக்கிவைக்கும். நோயாளியின் குருதியில் இந்தத் துணிக்கைகளை ரொஸ் ஆயிரம் தடவை பார்த்திருந்தார். நுளம்பின் வயிற்றுக் கலத்தில் அவை இருக்க எந்த நியாயமும் இல்லை. ஆகவே அது நுளம்பின் கலமன்று. ஒரு நாளில் பெரிதாகிறது. ஆகவே இறந்த பொருளுமன்று. ஓகஸ்ட் 20 இன்று உலக நுளம்பு தினமாக நினைவுகூரப்படுகிறது.

அந்த மகிழ்ச்சி சூடாறு முன்னரே அவருக்கு இடமாற்ற உத்தரவு வந்தது. இடமாற்றத்தை நன்கறிந்த எமது அரச வைத்தியர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. 1898 இல் கல்கத்தாவில், மனித மலேரியாவுக்குப் பதிலாகக் குருவிகளின் மலேரியாவை எடுத்துக்கொண்டார். அங்கே அந்த வயிற்றுக் கலங்கள் முதிர்ந்து வெடித்து, ஆயிரக்கணக்கான நுண்ணிய கதிர்வடிவ உயிரிகளை வெளியேற்றுவதையும், அவை நுளம்பின் உமிழ்நீர்ச் சுரப்பிக்குள் போய் நிறைவதையும் கண்டார். பின்னர் அந்த நுளம்புகளை நலமான குருவிகளைக் கடிக்கவிட்டார். குருவிகள் நோயுற்றன. நீரைக் குடிப்பதாலன்று, கடியாலேயே நோய் வருகிறது என்பது தீர்ந்தது. அதே ஆண்டின் இறுதியில் இத்தாலியில் ஜொவான்னி கிராசியும் அவரது குழுவினரும் மனித மலேரியாவை அனோபிலிஸ் பரப்புவதை நிறுவினர். யார் முதல்வர் என்று ரொஸ்ஸும் கிராசியும் சாகும்வரை சண்டையிட்டனர். 1902 நோபல் பரிசு ரொஸ்ஸுக்கு மட்டும் கிடைத்தது. எங்களைக் கேட்டால் அதில் கிராசிக்கும் ஒரு பங்கு சேர்ந்திருக்க வேண்டும்.

காவி எது என்று தெரிந்துவிட்டது. இனி நோயை ஒழிப்பது எளிது என்றே அக்காலத்தவர் எண்ணினர். இலங்கையில் நடந்ததோ வேறு.

எமது சங்கம் தொடங்கிச் சில ஆண்டுகளுக்குப் பின், 1934 இல், தென்மேல் பருவமழை பொய்த்தது. இந்நாட்டில் மலேரியாவைப் பரப்பும் முதன்மை நுளம்பு அனோபிலிஸ் கியூலிசிபேசீஸ். வெயில் படும், தெளிந்த, ஓடாத நீரில்தான் இது முட்டையிடும். ஈரவலயத்து ஆறுகள் வழக்கமாகப் பெருக்கெடுத்து ஓடிக் குடம்பிகளை அடித்துச் சென்றுவிடும். அந்த ஆண்டு மகா ஓயா, தெதுறு ஓயா போன்ற ஆறுகள் வற்றி, மணலிலும் பாறையிலும் ஆயிரக்கணக்கான குட்டைகளாகக் கிடந்தன. மழை வந்தால் நுளம்பு பெருகும் என்பதே நாம் அறிந்தது. இங்கே மழை வராததால் பெருகியது. சூழலியலில் ‘எங்கே?’ என்று கேட்காமல் ‘எப்போது?’ என்று கேட்பதில் பயனில்லை.

கேகாலை, குருநாகல் பகுதிகளே மிகவும் பாதிக்கப்பட்டன. 1935 இன் நடுப்பகுதிக்குள் ஏறத்தாழ 80,000 பேர் இறந்தனர். வறண்ட வலயத்து மக்கள் சிறுவயது முதல் அடிக்கடி நோய்ப்பட்டு, வீங்கிய மண்ணீரலோடும் ஓரளவு நிர்ப்பீடனத்தோடும் வாழ்ந்தவர்கள். ஈரவலயத்தவருக்கு அந்த நிர்ப்பீடனம் இல்லை. வரட்சியால் விளைச்சலும் இல்லை. பட்டினியால் மெலிந்த உடலில் காய்ச்சல் விழுந்தது. இதே பாடத்தை எங்கள் தலைமுறை புத்தகத்துக்கு வெளியே படித்தது. மலேரியா குறைந்திருந்த குடாநாட்டிலிருந்து 1995 இல் இடம்பெயர்ந்து வன்னிக்குப் போனவர்கள் மரநிழலிலும் கொட்டிலிலும் படுத்து, வந்த சில வாரங்களிலேயே குடும்பம் குடும்பமாக நடுங்கினார்கள். வன்னியில் பிறந்து வளர்ந்தவர்கள் அதே நுளம்புக்கு அவ்வளவு விழவில்லை.

நிர்ப்பீடனம் ஒருவர் வாழ்நாளில் தேடிக்கொள்வது. தலைமுறைகள் தேடிக்கொள்வதும் உண்டு. ஆபிரிக்காவில் அரிவாட்கல நோயின் பரம்பரையலகை ஒரு பெற்றோரிடமிருந்து மட்டும் பெற்றவர்கள் மலேரியாவால் இறப்பது குறைவு என்பதை அந்தனி அலிசன் 1954 இல் வெளியிட்டார். இரு பெற்றோரிடமிருந்தும் பெற்றால் அது கொடிய நோய். ஒருவரிடமிருந்து பெற்றால் அது கவசம். தலசீமியாவும் அவ்வாறானதே. மலேரியா மிகுந்திருந்த குருநாகலில் இன்றும் தலசீமியாப் பிள்ளைகள் அதிகம். மாதந்தோறும் குருதியேற்ற வரும் அந்தப் பிள்ளைகளின் உடலில், அவர்கள் பிறப்பதற்கு முன்னரே நாட்டைவிட்டு நீங்கத் தொடங்கிய ஒரு நோயின் சுவடு இருக்கிறது.

இரண்டாம் உலகப்போரின் முடிவில் டி.டி.ரீ. வந்தது. 1946 இல் இலங்கையில் சுமார் 28 இலட்சம் மலேரியா நோயாளர் பதிவாகினர். வீட்டுச் சுவர்களில் டி.டி.ரீ. தெளிக்கும் பணி நாடெங்கும் நடந்தது. குருதி குடித்த நுளம்பு பாரம் தாங்காமல் அருகிலுள்ள சுவரில் போய் அமரும். அங்கேயே நஞ்சு காத்திருக்கும். 1963 இல் நோயாளர் தொகை 17. நூற்றுக்கணக்கோ ஆயிரக்கணக்கோ அன்று, வெறும் பதினேழு. அவர்களுள்ளும் பெரும்பாலானோர் வெளிநாட்டிலிருந்து நோயுடன் வந்தவர்கள்.

வெற்றி கிடைத்துவிட்டதென்று தெளிப்பதை நிறுத்தினர், கண்காணிப்பும் தளர்ந்தது. ஓரிரு ஆண்டு மழை குறைந்தது. இரத்தினக்கல் அகழ்ந்த குழிகளில் நீர் தேங்கியது. அங்கே கூடிய தொழிலாளர் நோயைத் தம் ஊர்களுக்குக் கொண்டு சென்றனர். 1969 இல் நோயாளர் ஐந்து இலட்சத்தைத் தாண்டினர். டி.டி.ரீ.யைத் தடைசெய்ததால்தான் இந்த அழிவு வந்தது என்று சிலர் எழுதுவதுண்டு. அது உண்மைக்கு மாறானது. நோய் திரும்பியதும் டி.டி.ரீ.யையே மீண்டும் தெளித்தார்கள், நுளம்புதான் சாகவில்லை.

ஏன் சாகவில்லை என்பதே இயற்கைத் தேர்வு. டி.டி.ரீ. எந்த நுளம்பையும் ‘பழக்கவில்லை’. இலட்சம் நுளம்புகளில் ஒன்றிரண்டுக்கு, தற்செயலான பரம்பரையலகு மாற்றத்தால், நஞ்சைத் தாங்கும் இயல்பு முன்னரே இருந்தது. மற்றவை மடிந்தபோது அவை மட்டும் முட்டையிட்டன. ஓராண்டில் பல தலைமுறைகளைக் காணும் பூச்சிக்கு இருபது ஆண்டு மிக நீண்ட காலம். பரீட்சை விடைத்தாளில் ‘நுளம்பு எதிர்ப்புச் சக்தியை வளர்த்துக்கொண்டது’ என்று எழுதும் மாணவிகள் இவ்விடத்தை இன்னொருமுறை வாசிக்கவும். பின்னர் மலத்தியன் வந்தபோது, அதிகாரிகள் கற்ற பாடத்தைப் பயன்படுத்தினர். வயலுக்கும் தோட்டத்துக்கும் அதனைப் பயன்படுத்தவிடாமல் மலேரியாத் தடுப்புக்கென்றே ஒதுக்கிவைத்தனர்.

ஒட்டுண்ணிக்கும் ஒரு தந்திரம் இருந்தது. நுளம்பு உட்செலுத்திய உயிரிகள் சில நாட்கள் எங்கே மறைகின்றன என்பது அரை நூற்றாண்டாகப் புதிராக இருந்தது. 1948 இல் ஷோர்ட், கார்ன்ஹாம் ஆகிய இருவரும் குரங்கின் ஈரலில் அவற்றைக் கண்டுபிடித்தனர். இலங்கையில் மிகுதியாக இருந்த பிளாஸ்மோடியம் வைவக்ஸ் ஈரலில் மாதக்கணக்காக உறங்கிக் கிடந்து எழும்பக்கூடியது என்பது 1980களில் நிலைநாட்டப்பட்டது. குளோரோக்குவின் குருதியில் உள்ளதைக் கொல்லும், ஈரலில் உறங்குவதைத் தொடாது. அதற்கு பிறைமாகுயின் குளிசையை 14 நாட்கள் எடுக்கவேண்டும். காய்ச்சல் விட்டதும் மூன்றாம் நாளே குளிசையை நிறுத்தியவர்கள் எங்கள் உறவினர்களிலும் அநேகர்.

மருந்தின் கதையில் ஒரு பெண்ணைச் சொல்லாமல் போக மனமில்லை. குளோரோக்குவினுக்கு ஒட்டுண்ணி அடங்க மறுத்த அறுபதுகளின் இறுதியில், சீன அரசு தூ யூயூ என்ற மருந்தியல் ஆய்வாளரிடம் மாற்று மருந்தைத் தேடும் பணியை ஒப்படைத்தது. கலாநிதிப் பட்டமோ வெளிநாட்டுக் கல்வியோ அவருக்கு இல்லை. பழைய சீன வைத்திய ஏடுகளைப் படித்த அவர், ஏறத்தாழ 1,600 ஆண்டு பழைமையான நூலொன்றில் ஒரு மூலிகையைக் கொதிக்கவைக்காமல் நீரில் ஊறவைத்துப் பிழியச் சொல்லியிருப்பதைக் கவனித்தார். வெப்பம்தான் மருந்தைக் கெடுக்கிறதோ என்று எண்ணி, குறைந்த வெப்பநிலையில் ஈதரால் பிரித்தெடுத்தார். 1971 இல் அது பலித்தது. நோயாளிக்குக் கொடுக்குமுன் தாமும் சக ஆய்வாளரும் குடித்துப் பார்த்தனர். ஆர்ட்டிமிசினின் என்ற அந்த மருந்துக்காக 2015 இல் நோபல் பரிசு பெற்றபோது அவருக்கு வயது 84.

இலங்கையில் 1999 இல் இரண்டரை இலட்சத்துக்கும் மேற்பட்டோர் நோயுற்றனர். அதன்பின் தொகை வேகமாக இறங்கியது. போர் நடந்த பகுதிகளிலும் மலேரியாத் தடை இயக்கத்தின் ஊழியர்கள் வீடுவீடாகச் சென்று விரலில் குத்திக் குருதித் தட்டு எடுத்ததையும், மருந்து தோய்த்த வலைகளைக் கொடுத்ததையும் நாங்கள் அறிவோம். மரபணுப் பொறியியலோ தடுப்பூசியோ அல்ல. நுணுக்குக்காட்டியின் முன் நாள்முழுதும் குனிந்திருந்த ஆய்வுகூட உதவியாளர்களே இதைச் செய்தார்கள். உள்நாட்டில் தொற்றிய கடைசி நோயாளி 2012 ஒக்டோபரில் பதிவானார். 2016 செப்டெம்பரில் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடாக அறிவித்தது.

அதே 2016 இன் இறுதியில் மன்னாரில் ஒரு புதிய நுளம்பு கண்டுபிடிக்கப்பட்டது: அனோபிலிஸ் ஸ்ரீபென்சி. தென்னிந்திய நகரங்களில் நெடுங்காலமாக மலேரியாவைப் பரப்பிவரும் இனம் இது. ஆற்றுக் குட்டை இதற்குத் தேவையில்லை. வீட்டுக் கிணறும் நீர்த்தாங்கியும் போதும். சில ஆண்டுகளுக்குள் யாழ்ப்பாணத்திலும் காணப்பட்டது. வெளிநாடுகளிலிருந்து நோயுடன் வருபவர்கள் ஆண்டுதோறும் இருக்கிறார்கள். ஒட்டுண்ணியும் காவியும் சந்திப்பதற்கு வேண்டியவை எல்லாம் எமது வளவிலேயே இருக்கின்றன. நிர்ப்பீடனம் மட்டும் எவருக்கும் இல்லை. இன்றைய இளம் வைத்தியர்களுள் பலர் மலேரியா நோயாளியைக் காணாமலே பட்டம் பெறுகிறார்கள் என்பதையும் கவலையோடு சொல்லவேண்டியிருக்கிறது. ஆகவே ஆபிரிக்காவுக்கோ இந்தியாவுக்கோ போய்வந்த வீட்டார் எவருக்கேனும் காய்ச்சல் வந்தால், போய்வந்த இடத்தை வைத்தியர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள்.

கிணற்றைப் பார்ப்பதற்கு நுணுக்குக்காட்டி வேண்டாம். வெள்ளைக் கோப்பையொன்றில் நீரை அள்ளி, குடம்பிகள் இருந்தால் சற்று அசையாமல் வைத்துப் பாருங்கள். தலைகீழாகச் சரிந்து தொங்கினால் அது கியூலெக்ஸ் அல்லது ஈடிஸ். வால்முனையில் ஒரு சுவாசக் குழாய் நீட்டிக்கொண்டிருக்கும். அனோபிலிஸ் குடம்பிக்கு அந்தக் குழாய் இல்லை. ஆகவே அது நீர்மட்டத்தோடு ஒட்டி, ஒரு துரும்பு மிதப்பதுபோல் கிடையாகக் கிடக்கும். அப்படி ஒன்றைக் கண்டால் நீரை ஊற்றிவிடாமல், ஒரு போத்தலில் இட்டு மூடி, உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கொடுங்கள். எந்தக் கிணறு, எந்தத் திகதி என்பதைப் போத்தலின்மேல் எழுதி ஒட்டிவிடுங்கள்.